சூரியனுக்கு 11 வருஷக் கணக்கு சொன்னது யார்?

சூரியனில் உள்ள கரும்புள்ளிகள் 11 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறையும் என்று படித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். அங்கே காலண்டரா தொங்குது? இந்த 11 எங்கேயிருந்து வந்துச்சு? தேடிப் பார்த்தேன்.

ஜெர்மனியில் டெஸ்ஸாவ் ஊர்க்காரர் ஷ்வாபே, மருந்துக் கடை நடத்தியவர். புதனுக்கும் உள்ளே ஒரு கிரகம் இருந்தால், சூரியனைக் கடக்கும்போது அது கரும்புள்ளியாகத் தெரியுமே என்று 1826-லிருந்து வானம் தெளிந்த நாளெல்லாம் கவனித்தார். கிரகம் கிடைக்கவில்லை. ஆனால் நோட்டில் குறித்த புள்ளிகள் சுமார் 10 வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் குறைவதை 1843-ல் கண்டு எழுதினார். 17 வருஷப் பொறுமை!

அடுத்து ஸ்விட்சர்லாந்தின் ருடால்ஃப் வுல்ஃப், எண்ணுவதற்கு ஒரு விதி வைத்தார். ஒரு புள்ளிக் கூட்டத்துக்கு 10, ஒரு புள்ளிக்கு 1. மூன்று கூட்டங்களில் மொத்தம் 12 புள்ளிகள் என்றால் 30 + 12 = 42. பழைய குறிப்புகளையும் தேடிச் சேர்த்தபோது சராசரி சுமார் 11 வருஷம் என்று வந்தது.

சரி, எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? புள்ளிகள் மிகக் குறைந்த மாதத்திலிருந்து, அடுத்து அப்படிக் குறையும் மாதம் வரை ஒரு சுழற்சி. ஆனால் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறி இறங்கும். அதனால் முன்னே 6, பின்னே 6 என்று 13 மாதங்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். முடிவு தெரியக் காத்திருக்கணும். 2019 டிசம்பரில் 25-ஆவது சுழற்சி தொடங்கியதை 2020 செப்டம்பரில்தான் அறிவித்தார்கள்!

நானும் கணக்குப் போட்டேன். முதல் சுழற்சி தொடங்கியது 1755. 2019-க்குள் 24 சுழற்சிகள் முடிந்தன. 264-ஐ 24-ஆல் வகுத்தால் சரியா 11! துள்ளிக் குதிச்சேன். அப்புறம் தனித்தனியாப் பார்த்தா, 1766-ல் தொடங்கினது 9 வருஷம்தான். 1784-ல் தொடங்கினது 13 வருஷத்துக்கும் மேலே! வகுப்புச் சராசரி 60 மார்க் என்றால் எல்லாருமா 60 வாங்கினோம்? அதே கதைதான். அடுத்த குறைவு 2030-ல் என்று யாராவது சொன்னால், 'சுமாரா'ன்னு சேர்த்துக்கோங்க.

ஒரு ஆள் தன் ஆயுசில் ஏழெட்டு சுழற்சிதான் பார்க்க முடியும். அதனால் பழைய பதிவுகள்தான் சொத்து. நம்ம கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இருக்கின்றன.

எச்சரிக்கை: புள்ளி எண்ணறேன்னு சூரியனை நேரே பார்க்காதீங்க. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம் எதுவும் கண்ணைக் காப்பாற்றாது.

உங்களுக்கு ஒரு கணக்கு: 23-ஆவது சுழற்சி 1996 ஆகஸ்ட் முதல் 2008 டிசம்பர் வரை. சராசரியை விடக் கூடவா, குறைவா? எவ்வளவு?