ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு ஏன் வருகிறது?

புதிய ஊழியரின் பெயரை மனிதவளத் துறையில் ஏற்றியதுமே அவருக்கு மின்னஞ்சலும் கணினிக் கணக்கும் தயாராகிவிடுகின்றன. எப்படி? நோவெல் உருவாக்கிய ஐடென்டிட்டி மேனேஜர் என்ற மென்பொருளில் இந்த வேலையைச் செய்வது டிரைவர். பிரிண்டருக்குப் போடும் டிரைவர் வேறு. இது இரண்டு மென்பொருள்களுக்கு நடுவே நிற்கும் துபாஷி.

ஊழியர் விவரங்கள் சேரும் மையப் பெட்டகத்தின் மாற்றங்களை வெளியே கொண்டுபோகும் வழி சப்ஸ்கிரைபர். வெளி மாற்றங்களை உள்ளே கொண்டுவருவது பப்ளிஷர். எந்தத் தகவல் எந்த வழியில் போகலாம் என்பதை ஃபில்டர் தீர்மானிக்கிறது.

மிகுந்த கவனம் வேண்டியது பொருத்த விதியில்தான். பதிவு வந்ததும், 'இவர் ஏற்கெனவே இருக்கிறாரா?' என்று டிரைவர் தேடும். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒரே பெயருள்ள இருவர் ஒருவராகிவிடலாம். ஓரிடத்தில் 'க. முருகன்', இன்னோரிடத்தில் 'முருகன் க.' என்றிருந்தால் ஒருவரே இருவராகலாம். நம் இன்ஷியல் பழக்கத்தில் இது சாதாரணம். பணியாளர் எண்ணை வைத்துத் தேடச் சொல்வதே சரி. ஆள் கிடைத்ததும் இரு பதிவுகளுக்கும் இடையே ஓர் இணைப்பு பதிவாகும். பிறகு பெயர் மாறினாலும் தொடர்பு அறாது.

இந்த விதியை எழுதியதும், முதலில் சோதனை சர்வரில் பத்துப் பதிவுகளை ஓட்டிப் பாருங்கள். அதுவரை டிரைவரின் தொடக்க முறை 'மேனுவல்' என்றே இருக்கட்டும்.