மூளைக்கு ஒரு கண்ணாடி... மனசுக்கு ஒரு அறிதுயில்!

காலை ஏழு மணி. ஒரகடம் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலை வாசல். வரிசையாகக் கம்பெனி பஸ்கள். குளித்து, திருநீறு பூசிய முகங்கள் இறங்குகின்றன. விடிய விடியக் கண் விழித்த முகங்கள் ஏறுகின்றன. இறங்குகிறவர்களுக்கு 'குட்மார்னிங்', ஏறுகிறவர்களுக்கு 'குட்நைட்'!

பிரச்னையே வீட்டுக்குப் போன பிறகுதான்.

"படுத்தா கண்ணு மூடுது, மூளை மூடமாட்டேங்குது. மெஷின் ஓடுற சத்தம் காதுக்குள்ளயே கேட்டுக்கிட்டிருக்கு" என்பார் கணவர். "பகல்ல குக்கர் வைக்கவே பயமா இருக்கு. 'உஷ்... அப்பா தூங்கறார்'னு பசங்களை அதட்டியே எனக்கு பி.பி. ஏறுது" என்பார் மனைவி. ஷிஃப்டுக்குப் போவது மனைவியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். திரும்பி வந்ததும் டிபன் பாக்ஸ் கட்டிவிட்டுத்தான் படுக்கையே!

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. அவர்கள் கண்ணில்தான் இந்த விளம்பரமும் படுகிறது: 'நியூரோஃபீட்பேக் மூளைப் பயிற்சி! தூக்கம், ஞாபகசக்தி, கற்பனைத் திறன் எல்லாம் கைமேல்!' அப்பாவின் தூக்கத்துக்கும் ஆச்சு, ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கும் ஆச்சு. பணம் கட்டலாமா?

கொஞ்சம் பொறுங்கள். விஷயத்தைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யலாம்.

தலையில் ஒட்டும் பொட்டுகள்

நம் மூளை எப்போதும் மெல்லிய மின்சாரத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தார். 1929-ல் அதை வெளியிட்டார். இன்று ஆஸ்பத்திரியில் எடுக்கிறார்களே, 'இ.இ.ஜி.', அது அவர் போட்ட பிள்ளையார் சுழிதான்.

கண்ணை மூடி அமைதியாக இருக்கும்போது விநாடிக்கு 8 முதல் 13 வரை அடிக்கும் அலை ஆல்ஃபா. சுறுசுறுப்பாக யோசிக்கும்போது அதைவிட வேகமான பீட்டா. தூக்கம் கண்ணைச் சொக்கும்போது 4 முதல் 8 வரை தீட்டா. ஆழ்ந்த உறக்கத்தில் இன்னும் மெதுவான டெல்டா.

நியூரோஃபீட்பேக்கில் தலையில் பசை தடவிச் சின்னச் சின்னப் பொட்டுகளை ஒட்டுவார்கள். எதிரே கம்ப்யூட்டர் திரை. வேண்டிய அலை கூடினால் திரையில் கார் ஓடும் அல்லது இனிமையான ஒலி கேட்கும். குறைந்தால் கார் நின்றுவிடும். 'எப்படி ஓட்டினேன்' என்று சொல்லத் தெரியாது. ஆனால், பழகப் பழகக் கார் ஓடும். குழந்தை சைக்கிள் ஓட்டப் பழகுவது மாதிரிதான்!

பயப்பட வேண்டாம், இதில் 'ஷாக்' எதுவும் கொடுப்பதில்லை. உள்ளே இருப்பதை வெளியே காட்டுகிற முகம் பார்க்கும் கண்ணாடி, அவ்வளவே. கண்ணாடியா நம் தலையை வாருகிறது? வாருவது நாம்தான். இதை மட்டும் மறக்காதீர்கள்.

ஐஸ் தண்ணீரில் கை வைத்த யோகிகள்

அலையை மாற்றும் வித்தை மெஷின் வந்த பிறகு பிறந்ததல்ல. டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் ஆனந்த், சீனா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளை இ.இ.ஜி. எடுத்துப் பார்த்து 1961-ல் வெளியிட்ட ஆய்வு உலகப் பிரசித்தம். இரண்டு யோகிகள் 4 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் 45 முதல் 55 நிமிடம் வரை கையை வைத்திருந்தார்கள். நமக்கென்றால் ஐந்து நிமிடத்தில் உயிர் போய்விடும்! அவர்கள் மூளையிலோ அமைதியின் அறிகுறியான ஆல்ஃபா அலை கலையவே இல்லை.

அவர்களுக்குத் திரையும் கிடையாது, காரும் கிடையாது. வருடக்கணக்கான பழக்கம் மட்டும்தான்.

பலன் உண்டா, இல்லையா?

உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. லண்டனில் இசைக் கல்லூரி மாணவர்களுக்கு ஆல்ஃபா, தீட்டா அலைப் பயிற்சி கொடுத்தபோது, அவர்கள் வாசிப்பு மெருகேறியதாக எக்னர், க்ரூஸலியர் இருவரும் 2003-ல் எழுதினார்கள். இதே பெங்களூரு ஹைவேயின் அந்தக் கோடியில் இருக்கும் நிம்ஹான்ஸில், தலையில் அடிபட்டு ஞாபகசக்தி குறைந்தவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

ஆனால், மறுபக்கமும் இருக்கிறது. கவனக் குறைவு உள்ள 7 முதல் 10 வயதுக் குழந்தைகள் 144 பேரை வைத்து அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. பாதிப் பேருக்கு அல்ல, எல்லாருக்கும் மெஷின் மாட்டினார்கள். சிலருக்கு அசல் பயிற்சி, சிலருக்கு அதேபோல் தோன்றும் போலிப் பயிற்சி. யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. கடைசியில்? இரண்டு கோஷ்டியும் முன்னேறியது. அசலுக்கும் போலிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை! தூக்கமின்மைக்கு ஆஸ்திரியாவில் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

அப்படியானால் அந்த முன்னேற்றம் எங்கிருந்து வந்தது? தினமும் ஓரிடத்தில் அமைதியாக உட்கார்ந்தது, ஒருவர் அக்கறையாகக் கவனித்தது, 'சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை... இவற்றுக்கும் பங்கு இருக்கத்தானே வேண்டும்? இந்தச் சரக்கு நம் வீட்டிலேயே கிடைக்கும்!

ஹிப்னாடிசம் மாயமல்ல

ஹிப்னாடிசம் என்றதும் சினிமாவில் வரும் ஊசலாடும் சங்கிலி ஞாபகம் வருகிறதா? மறந்துவிடுங்கள். ஹிப்னாடிசத்தில் யாரும் மயங்கி விழுவதில்லை. பெருமாள் பாம்பணையில் பள்ளிகொண்டிருப்பதை 'அறிதுயில்' என்கிறோமே, அந்தச் சொல் இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். பார்க்கத் தூக்கம், உள்ளே விழிப்பு.

மயக்க மருந்து வராத 1845-ல், வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற சர்ஜன் இதன் முன்னோடியான மெஸ்மெரிசத்தால் நோயாளிகளை ஆழ்த்தி ஆபரேஷன் செய்தார். 1984-ல் மான்செஸ்டரில் டாக்டர் வோர்வெல் குழு, மருந்துக்கு மசியாத குடல் எரிச்சல் நோயாளிகள் 30 பேரை வைத்துச் செய்த ஆய்வில் ஹிப்னாடிசம் நல்ல பலன் தந்தது. 'ஷிஃப்டுக்குக் கிளம்பும்போதுதான் வயிற்றைப் பிசையும்' என்பவர்கள் கவனிக்கவும்!

வீட்டிலேயே 15 நிமிடம்

டாக்டர் ஜோஹன்னஸ் ஷுல்ட்ஸ் 1932-ல் வகுத்துக் கொடுத்த முறையை ஒட்டி எளிமையாகச் சொல்கிறோம்.

1. இரவு ஷிஃப்டின் பின்பாதியில் காபி, டீ வேண்டாம். வந்ததும் குளியல், இரண்டு இட்லி. ஜன்னலுக்குக் கனமான திரை. செல்போன் அடுத்த அறையில்.

2. மல்லாந்து படுங்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். பத்து முறை.

3. 'என் வலது கை கனமாக இருக்கிறது... கதகதப்பாக இருக்கிறது' என்று மனசுக்குள் மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு இடது கை, கால்கள், தோள், தாடை. 'ஆகணும்' என்று மல்லுக்கட்டாதீர்கள். தானாக ஆகட்டும்.

4. கோயில் குளத்தின் படிகளில் இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது படி, ஒன்பதாவது படி... ஒவ்வொரு படிக்கும் ஒரு மூச்சு. கடைசிப் படியில் குளிர்ந்த தண்ணீர் பாதத்தைத் தொடுகிறது.

5. அங்கே ஒரே ஒரு வாக்கியம்: 'வேலை முடிந்தது, உடம்பு ஓய்வெடுக்கிறது.' 'தூங்கியே தீரணும்' என்பது கட்டளை. அது தூக்கத்தைத் துரத்தும்!

6. அப்படியே தூங்கிவிட்டால் சந்தோஷம். படிக்கும் பிள்ளைகள் என்றால், வினாத்தாளைப் பதறாமல் பிரித்துப் படிப்பதாகப் பார்த்துவிட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக் கண் திறந்து, சோம்பல் முறித்து எழட்டும்.

இரண்டு நாள் செய்துவிட்டு 'ஒண்ணும் நடக்கலையே' என்று விட்டுவிடாதீர்கள். மூன்று வாரமாவது தொடருங்கள்.

புது யோசனை வேண்டுமா?

தூக்கத்தின் வாசற்படியில் ஒரு புதையல் உண்டு. பாரிஸ் விஞ்ஞானிகள் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கணக்கின் மறைந்திருந்த சூட்சுமத்தை, விழித்தே இருந்தவர்களில் 30 சதவிகிதம் பேர்தான் கண்டுபிடித்தார்கள். குறைந்தது 15 விநாடி லேசாகக் கண்ணயர்ந்தவர்களில் 83 சதவிகிதம் பேர்! ஆழ்ந்து தூங்கிவிட்டவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஆகவே, லீவு நாளில் மதியம் கண் அசரும்போது, பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.

ஜாக்கிரதை!

பைக் ஓட்டும்போதோ, மெஷின் முன் நிற்கும்போதோ இந்தப் பயிற்சியைச் செய்யவே கூடாது. வலிப்பு, தீவிர மனநோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். சாப்பிடும் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால், அது மூச்சுத் தடையாக இருக்கலாம், பரிசோதனை அவசியம். மனசு ரொம்பவும் பாரமாக இருந்தால், அரசின் 'டெலி மானஸ்' 14416-க்குப் போன் செய்யுங்கள், இலவசம்.

நியூரோஃபீட்பேக்குக்குப் போய்த்தான் பார்ப்போமே என்கிறீர்களா? நாலு கேள்வி கேளுங்கள். பயிற்சி கொடுப்பவரின் படிப்பு என்ன? மொத்தம் எத்தனை ஸிட்டிங், மொத்தச் செலவு எவ்வளவு? முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? பலன் இல்லாவிட்டால் எப்போது நிறுத்துவீர்கள்? பதிலில் மழுப்பல் இருந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்த வித்தையும் தூக்கத்துக்கு ஈடாகாது. அறிதுயில், தூக்கத்துக்கு வழிகாட்டுமே தவிர, அதற்குப் பதிலாக நிற்காது. 'நாலு மணி நேரம் போதும், பழகிக்கலாம்' என்று உடம்பை ஏமாற்றாதீர்கள். குடும்பமாக உட்கார்ந்து, அந்த ஆறேழு மணி நேரத்துக்குக் காவல் போடுங்கள். கதவில் ஒரு அட்டை, காலிங்பெல்லுக்கு ஓய்வு, குக்கருக்கு வேறு நேரம். அப்பாவோ அம்மாவோ குளத்துப் படி இறங்கும்போது, வாசலில் குழந்தைகளே 'உஷ்' சொல்வார்கள் பாருங்கள்!