ஆண்டனியின் கழுகுக் காசு

ரோமானிய வெள்ளிக்காசுகளில் கப்பலும் கொடிக்கம்பமும் எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தெனாரியஸ் என்ற அந்தக் காசில்தான் படைவீரர்களுக்குச் சம்பளம் தந்தார்கள். வாங்குகிறவனுக்குப் புரிகிற படத்தைத்தானே பொறிப்பார்கள்!

எனக்குப் பிடித்தது ரோமானியத் தளபதி மார்க் ஆண்டனியின் காசு. கி.மு. 32–31இல், ஆக்டேவியனோடு, அதாவது பின்னாளில் பேரரசர் அகஸ்டஸ் ஆனவரோடு, மோதுவதற்கு முன் அடித்தது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிது. ஒருபக்கம் துடுப்புகள் வரிசையாய் நீட்டிய போர்க்கப்பல். மறுபக்கம் இரண்டு கொடிகளுக்கு நடுவே கழுகு. கீழே, எந்தப் படையணி என்று ரோமன் எண். கம்பத்தின் உச்சியில் தூக்கிச் செல்லும் இந்தக் கழுகுச் சின்னம் படையணியின் மானம். கி.மு. 53இல் பார்த்தியர்களிடம் ரோமானியத் தளபதி கிராசஸ் பறிகொடுத்த கழுகுகளை மீட்டதை, அகஸ்டஸ் பெரிய வெற்றியாகத் தன் காசுகளிலேயே பொறித்துக்கொண்டார்.

ஆக்டியம் கடற்போரில் ஆண்டனி தோற்றார், மறு ஆண்டே மாண்டார். காசு மட்டும் சாகவில்லை. பணமுடையில் அவர் செம்பைக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்திருந்தார். என் அம்மா காய்கறிக்காரரிடம் கிழிந்த நோட்டை முதலில் தள்ளிவிட்டு, சலவை நோட்டை அஞ்சறைப்பெட்டிக்கடியில் வைப்பார். ரோமானியரும் அப்படித்தான்: நல்ல வெள்ளியைப் பதுக்கினார்கள், ஆண்டனியின் காசைச் செலவழித்தார்கள். உருக்கினாலும் லாபமில்லாததால் அது கைமாறிக்கொண்டே இருந்தது. இங்கிலாந்தின் ஷாப்விக்கில் 1998இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தெனாரியஸ்கள் கிடைத்தன. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் புதைத்தவை. மிகப் பழையவை ஆண்டனியுடையவை. இருநூறு ஆண்டுக்கு மேல் புழங்கித் தேய்ந்த இத்தகைய காசுகளில் கழுகு வெறும் மேடாகத்தான் தெரியும்.

நம் கோவைப் பக்கம் அதிகம் கிடைக்கும் ரோமானியக் காசுகள் அகஸ்டஸ், அவருக்கு அடுத்த பேரரசர் டைபீரியஸ் ஆகியோருடையவை. அகஸ்டஸின் ஒரு காசில் அவருடைய பேரர்கள் இருவர் கேடயமும் ஈட்டியுமாக நிற்கிறார்கள். மிளகுக்கும் மணிக்கும் விலையாக வந்த வெள்ளி இது.

வருத்தம் என்னவென்றால், மண்ணில் கிடைத்ததும் விபூதி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குகிறோம், இல்லையேல் பட்டறையில் கொடுத்து உருக்குகிறோம். தேய்த்ததும் எழுத்துப் போய்விடும். எங்கே, எவற்றோடு கிடைத்தது என்ற செய்தியும் சேர்ந்தே போய்விடும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் காசு கிடைத்தால் கழுவக்கூட வேண்டாம்; அப்படியே எடுத்து வைத்துவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.