வாளாவிருக்கும் இணைப்பும் காலவரம்பும்

பிற கணினிகளின் வேண்டுகோளை ஏற்று விடையிறுக்கும் கணினியைச் சேவையகம் என்பர். தேர்வு முடிவு வெளியாகும் நாளில் எண்ணிறந்த மாணவர் ஒரே சேவையகத்தை நாடுகின்றனர். சிலர்க்கு நொடிப்பொழுதில் விடை கிடைக்கின்றது. சிலர்க்கோ நெடுநேரம் காத்தும் வாயில் திறப்பதில்லை. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, முன்னர் நுழைந்தோர் சிலர் யாதும் பேசாது இடத்தை அடைத்துக்கொண்டிருத்தலாம். அத்தகைய இணைப்புகளைச் சேவையகம் உரிய காலத்தில் முடிக்கின்றதா என்று சோதித்தறியும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

திறந்த இணைப்பு ஒவ்வொன்றும் சேவையகத்தின் நினைவகத்திற் சிறிது இடங்கொள்ளும். அதற்கென ஓர் எண்ணும் வழங்கப்படும். லினக்ஸ் அமைப்பில் ஒரு நிரல் ஒரே காலத்திற் பெறக்கூடிய இவ்வெண்களின் தொகை, மாற்றி அமையாதவிடத்துப் பெரும்பாலும் 1024 ஆகும். அவை தீர்ந்தபின் வருவோர்க்கு இடமில்லை.

ஆயின், பேசாதிருக்கும் இணைப்பு தானே அற்றுப்போகாதோ எனின், போகாது. இணையத்தில் செய்தி வழுவாது சேர்தற்குரிய டி.ஸி.பி. என்னும் நெறிமுறை 1981-ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. அதன்படி, இரு திறத்தாரும் பேசாவிடின் கம்பியில் யாதும் செல்வதில்லை. இடையே கம்பி அறுந்தாலும், மறுபுறக் கணினி மின்சாரமின்றி நின்றாலும், சேவையகம் அதனை அறியாது. எதிரிலிருப்பவர் உளரா என வினவும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஆயினும், அஃது இயல்பாக நிறுத்தப்பட்டே இருத்தல் வேண்டும் என்றும், இயக்கினும் அதன் இயல்பான இடைவெளி 2 மணி நேரத்திற்குக் குறைதலாகாது என்றும் 1989-ஆம் ஆண்டின் விதி கூறுகின்றது. ஆதலின், சேவையகம் தனக்கெனக் காலவரம்பு வகுத்துக்கொள்ளுதல் இன்றியமையாததாயிற்று. ஒரு வேண்டுகோளுக்கு விடையளித்தபின் அடுத்ததற்காகக் காத்திருக்கும் காலம், மாற்றாதவிடத்து, அப்பாச்சி என்னும் சேவையக நிரலில் 5 நொடி. என்ஜின்எக்ஸ் என்பதில் 75 நொடி.

எனினும், வரம்பை எழுதி வைத்தல் வேறு. அது நடைமுறையில் நிகழ்தல் வேறு. ஆதலின் சோதனை வேண்டும்.

முதற் சோதனை எளிது. வரம்பு 5 நொடி எனக் கொள்வோம். இணைப்பைத் திறந்து, யாதும் அனுப்பாது, படிப்பதற்குக் காத்திருத்தல் வேண்டும். சேவையகம் முடித்துவிடின், படிப்பின் முடிவில் ஒரு பைட்டும் வாராது, 'முற்றிற்று' என்னும் அறிகுறியே வரும். அஃது 5 நொடிக்கு முன்னர் வருதலும் பிழை. மிகத் தாழ்த்து வருதலும் பிழை. ஈண்டு ஓர் எச்சரிக்கை: சோதிக்கும் நிரலுக்கும் ஒரு பொறுமை எல்லை உண்டு. அது சேவையகத்தின் வரம்பினுங் குறைந்ததாயின், இணைப்பை முடித்தவர் நாமேயாவோம்; அதனைச் சேவையகத்தின் செயலென்று மயங்குதல் கூடாது.

இரண்டாவது சோதனை இதற்கு மறுதலையாம். 3 நொடிக்கு ஒரு முறை முழு வேண்டுகோள் அனுப்பி விடை பெற்றுக்கொண்டே இருப்பின், 5 நொடி கடந்தும் இணைப்பு நிலைத்தல் வேண்டும். இதனைச் சோதியாதுவிடின், எல்லாரையும் 5 நொடியில் வெளியேற்றும் சேவையகமும் முதற் சோதனையில் தேறிவிடும்.

மூன்றாவது, இணைப்பு முடிந்தபின் திறந்த எண்களின் தொகை பழைய அளவுக்கு இறங்கிற்றா என்றும், புதிய இணைப்பொன்று ஏற்கப்படுகின்றதா என்றும் காண்டல். நிரலே விழுந்து இறந்துபோயினும் இணைப்பு முடியுமன்றோ? அதனைக் காலவரம்பின் வெற்றியென்று கொள்ளலாகாது.

நான்காவது பலரும் மறப்பது. வேண்டுகோளின் தலைப்பகுதியை முடிக்காமல், வரம்பு கடக்குமுன் ஒவ்வொரு துளியாக அனுப்பிக்கொண்டிருப்போன் வாளாவிருப்பவன் அல்லன்; ஆயினும் இடத்தை விடான். 2009-ஆம் ஆண்டில் வெளியான ஸ்லோலோரிஸ் என்னும் தாக்குதல் நிரல் இவ்வழியே அப்பாச்சி போன்ற சேவையகங்களைச் செயலறச் செய்தது. இதற்கு மௌனத்தின் வரம்பு போதாது. முழு வேண்டுகோளும் இத்துணைக் காலத்துள் வந்து சேர்தல் வேண்டும் என்னும் பிறிதொரு வரம்பும், அதற்கொரு சோதனையும் வேண்டும்.

காலத்தை அளக்குங்கால் நாட்கடிகாரத்தை நம்பலாகாது. அது திருத்தப்படின் பின்னோக்கியும் நகரும். முன்னோக்கியே செல்லும் கணினிக் கடிகாரத்தையே கொள்ளுதல் நன்று. 75 நொடி காத்திருத்தல் கடினமெனின், சோதனைக்கு மட்டும் வரம்பை 2 நொடியாகக் குறைத்துக்கொள்ளலாம். ஆயினும், கணினி பிறிதொரு வேலையில் மூழ்கியிருப்பின் சிறு தாமதம் நேரும்; அதற்குச் சற்று இடமளித்தலே முறை.

பேசாதவனை வெளியேற்றுதல் கடுமையன்று. வாயிலில் நிற்பவனுக்குச் செய்யும் நீதியேயாம். பேசுபவனை வெளியேற்றாமையும் அந்நீதியின் மறுபாதி. இவ்விரண்டையும் ஒருங்கே மெய்ப்பிக்கும் சோதனையே நிறைவுடைய சோதனை என்பது நம் துணிபு.