அரை இஞ்சா, ஒரு இஞ்சா?

பனவடலிசத்திரம் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் நிலைக்கதவுக்கும் தரை டைல்ஸுக்கும் சங்கரன்கோவில், திருநெல்வேலி என்று கடைகடையாக ஏறி இறங்குவார்கள். சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாய் எத்தனை இஞ்சு என்று மட்டும் கேட்க மாட்டார்கள். குடிவந்த பிறகு பார்த்தால், கீழே அடுப்படிக் குழாயைத் திறந்ததுமே மாடி ஷவரில் தண்ணீர் நூலாக இறங்கும்.

மொட்டைமாடித் தொட்டிக்கு உயரம்தான் பலம். தண்ணீர் மட்டம் 10 மீட்டர் மேலே இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கிடைக்கும். மாடி ஷவருக்கு மேலே 2 மீட்டர் இருந்தாலே அதிகம். கையிருப்பு அவ்வளவுதான். குழாயின் உட்சுவரில் உரசிக்கொண்டே வரும் தண்ணீர் அதையும் வழியிலேயே செலவழித்துவிடும்.

எவ்வளவு? நிமிடத்துக்கு 12 லிட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்விட்டம் 15 மில்லிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் குழாயில் 10 மீட்டர் கடப்பதற்குள் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் உயரம் போய்விடும். 25 மில்லிமீட்டர் குழாயில் போவது சுமார் 10 சென்டிமீட்டர். குழாயின் வாய் மூன்று மடங்குகூடப் பெருகவில்லை. இழப்போ பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது. குழாய்களில் இந்த உரசலை அளந்து பார்த்து 1857இல் நூலாக வெளியிட்டவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி.

ஆகவே மரம்போல அமையுங்கள்: தொட்டியிலிருந்து இறங்கும் தாய்க்குழாய் ஒன்றேகால் இஞ்சு, குளியலறைக்குப் பிரிவது முக்கால், குழாய் வாயை ஒட்டிய கடைசி ஓரிரு அடி மட்டும் அரை. எல்போக்களையும் குறையுங்கள், ஒவ்வொரு திருப்பமும் கொஞ்சம் அழுத்தத்தைத் தின்னும்.

அப்படியானால் எல்லாமே பெரிதாக இருக்கட்டுமா? சோலார் ஹீட்டர் குழாய்க்கு அது ஆகாது. 25 மில்லிமீட்டர் குழாய் 10 மீட்டர் நீளத்தில் கிட்டத்தட்ட 5 லிட்டர் பிடிக்கும். 15 மில்லிமீட்டர் குழாய் 2 லிட்டருக்கும் குறைவு. இரவில் ஆறிய அந்தத் தண்ணீர் முழுவதும் வெளியேறிய பிறகுதான் காலையில் வெந்நீர் வரும். ஹீட்டரைக் குளியலறைக்கு நேர் மேலே வைத்துவிட்டால் குழாய் குட்டையாகும். முக்கால் இஞ்சே போதும், உரசலும் குறையும், வீணாவதும் குறையும்.

லண்டனில் வெந்நீரைச் சுற்றவிட்டு அறைகளைச் சூடாக்கும் வீடுகளிலும் இதே கணக்குத்தான்: தாய்க்குழாய் 22 மில்லிமீட்டர், கிளை 15. ஆனால் அங்கே தள்ளிவிடப் பம்பு இருக்கிறது. நமக்கு இருப்பது தொட்டியின் உயரம் மட்டுமே. சுவரைப் பூசுவதற்கு முன் பிளம்பரிடம் உட்கார்ந்து, எந்த இடத்தில் எத்தனை இஞ்சு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பூசிய பிறகு உளியை எடுத்தால்தான் மாற்ற முடியும்.