பழைய கோலத்துக் கிதாரும் துரித வாசிப்பும்

2007-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் குழுவினர் வாசித்தபோது, அக்குழுவின் கிதார் வித்வான்களுள் ஒருவரான டேவ் மர்ரியின் கையில் இருந்தது, 1954-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டரின் கம்பெனி வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரின் உருவத்தையே கொண்ட வாத்தியம். உருவம் பழையதாயினும் அதிலிருந்து கிளம்பிய வேகம் அக்காலத்து வாத்தியக்காரர்கள் கேட்டறியாதது. இந்நகரத்திலேயே 1998 முதல் வாசித்துவரும் க்ரிப்டாஸ் குழுவும் 1980-களின் ஹெவி மெட்டல் பாணியில் பற்றுக்கொண்டதுதான். ஆகவே பழமையும் வேகமும் ஒன்றுக்கொன்று பகையென்று இவ்வூர் ரசிகர்களிடம் சொன்னால் அவர்கள் ஒப்பமாட்டார்கள்.

ஆனாலும், தந்த நிறத்திலோ வெளிறிய பச்சையிலோ பளபளக்க, ஆமையோட்டு வர்ணத் தகடு பொருத்திக் கடையில் தொங்கும் ரெட்ரோ கிதார் ஒன்றைக் கண்டு மயங்கும் இளைஞர், இதில் ராக் சங்கீதத்தைத் துரித கதியில் வாசிக்க முடியுமா என்று ஐயுறுவது நியாயமே. நிமிஷத்துக்கு 160 தாளம் செல்லும் பாட்டில் ஒவ்வொரு தாளத்துக்கும் நான்கு ஸ்வரம் வாசித்தால், விநாடிக்கு ஏறக்குறைய 10 அல்லது 11 ஸ்வரம் விழும். அந்த வேகத்தில் உடலின் வளைவும் வர்ணமும் ஒரு பொருட்டல்ல. விரல் படும் இடத்தின் லட்சணமே யாவற்றையும் தீர்மானிக்கிறது.

கிதாரின் கழுத்துப் பலகை தட்டையாகத் தோன்றினாலும் குறுக்காகப் பார்த்தால் ஒரு வட்டத்தின் வில்லைப்போல் மெல்ல வளைந்திருக்கும். ஐம்பதுகளின் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அவ்வட்டத்தின் ஆரம் 7.25 அங்குலம்; 1952-இல் தோன்றிய கிப்ஸன் லெஸ் பாலில் 12 அங்குலம்; துரித வாசிப்புக்கென்றே 1987-இல் ஜப்பானிய இபனெஸ் கம்பெனியார் வெளியிட்ட ஜெம் என்னும் கிதாரிலோ ஏறக்குறைய 17 அங்குலம். ஆரம் சிறியதாயின் வளைவு அதிகம். முழு ஸ்வரக்கட்டுகளைப் பிடித்துப் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பவனின் உள்ளங்கைக்கு அது இதமானது. தந்தியை இழுத்து ஸ்வரத்தை உயர்த்துபவனுக்கோ சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது. ஓரத்துத் தந்தியை நடுப்பக்கமாகத் தள்ளும்போது அது வளைவின் முதுகின்மேல் ஏறுகிறது. ஏறியதும் முன்னாலுள்ள மெட்டுகளில் உரசி, நாதம் சட்டென்று அறுந்துபோகிறது. தந்திகளை உயர்த்தி வைத்தால் இக்குறை நீங்கும். ஆனால் ஒவ்வொரு விரலும் அதிக தூரம் அழுத்த வேண்டியிருப்பதால் வேகம் குறையும்.

கடையிலேயே இதைப் பரீட்சித்துவிடலாம். பன்னிரண்டாம் மெட்டின்மேல் தந்தி ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும்படி அமைக்கச் சொல்லி, முதல் தந்தியைப் பதினைந்தாம் மெட்டில் அழுத்தி, இரண்டு ஸ்வரஸ்தானம் உயரும்வரை மெதுவாகத் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு காதைத் தீட்ட வேண்டும். ஸ்வரம் நின்று ஒலித்தால் பலகை பொருத்தமானது; கரகரத்து மடிந்தால் விற்பவர் கூறும் சமாதானங்கள் எவையும் அதை எழுப்பமாட்டா.

மெட்டுகளின் உயரம் அடுத்த விஷயம். பழைய பாணி மெட்டுகள் ஒல்லியானவை, தாழ்ந்தவை. விரல்நுனி மரத்தில் தேய்ந்துகொண்டே செல்லும். நம் வீணையில் மெழுகின்மேல் அமர்ந்த இருபத்துநான்கு மெட்டுகளும் பலகையைவிட்டு உயர்ந்து நிற்பதால், விரல் மரத்தைத் தீண்டாமலேயே தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்க முடிகிறது. அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் ஹுசைன், விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழுவை நடத்திய காலத்தில், மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழித்த கிதாரை வாசித்தது இத்தொடர்பினால்தான். அதிவேகத்துக்குப் பேர்போன ஸ்வீடன் நாட்டு இங்வே மால்ம்ஸ்டீனும் குழித்த பலகையுடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரையே வாசிக்கிறார். குழிப்பதில் அபாயமும் உண்டு: கனத்த கையால் அழுத்தினால் ஸ்வரம் தானே ஏறி அபஸ்வரமாகிவிடும். ஜம்போ எனப்படும் உயரமான மெட்டுகள் இப்பயனில் பெரும்பகுதியைத் தொல்லையின்றித் தருகின்றன.

இனி நாதத்தைப் பற்றி. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் ஒற்றைச் சுருளால் ஆனது. அது தந்தியின் அசைவோடு, சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். மென்மையான வாசிப்பில் இது பெரிதாகத் தோன்றாது. நாதத்தைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் கூட்டியதும் இரைச்சலும் பன்மடங்காகும். கிப்ஸனில் பணியாற்றிய ஸெத் லவர் 1955-இல் காப்புரிமை கோரிய ஹம்பக்கரில் இரண்டு சுருள்களும் எதிரெதிராகச் சுற்றப்பட்டு, அவற்றின் காந்த முனைகளும் எதிரெதிராக வைக்கப்படுவதால், இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, தந்தியின் நாதம் மட்டும் கூடி வருகிறது. மர்ரியின் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் இவ்வாறான இரட்டைச் சுருள்களே உள்ளன.

தந்தியின் நீளம் ஃபெண்டரில் 648 மில்லிமீட்டர், கிப்ஸனில் சுமார் 628. ஒரே தந்தியை ஒரே சுருதியில் கட்டினால் முன்னதில் இழுவிசை ஆறு சதவீதம் அதிகம் என்பதைத் தவிர இதில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. பழைய அதிர்வுக் கம்பியை மூர்க்கமாக அமுக்கினால் சுருதி கலையும். அத்தகைய விளையாட்டில் பிரியமுள்ளவர்கள் தந்தியை இருமுனையிலும் பூட்டும் ஃபிளாய்ட் ரோஸ் அமைப்பையே நாட வேண்டும்.

பெங்களூருவாசிகள் சீதோஷ்ணத்தையும் நினைவில் கொள்ளவேண்டும். சென்னைக் கடற்காற்றைப்போல் தந்திகளைத் துருப்பிடிக்கச் செய்யாத புண்ணியம் 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரத்துக்கு உண்டு. ஆனால் மாசி, பங்குனி வறட்சியில் பலகை சுருங்க, மெட்டுகளின் முனைகள் வெளியே நீண்டு கையைக் கீறும். மழைக்காலத்தில் கழுத்தின் வளைவு மாறும். உள்ளேயிருக்கும் டிரஸ் ராட் என்னும் எஃகுக் கம்பியை அனுபவமுள்ளவரைக் கொண்டு சிறிது திருப்பினால் போதும்.

பிக்கப்பைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், மெட்டுகளையும் செலவழித்துப் புதிதாக அடிக்கலாம். கழுத்தின் பருமனையும் பலகையின் வளைவையும் மேல்மெட்டுகளுக்குக் கை எட்டும் வசதியையும் எளிதில் மாற்ற முடியாது. ஆதலால் ரெட்ரோ கிதார் வாங்குவோர் இம்மூன்றையுமே முதலில் பார்க்க வேண்டும். ஸ்குவையர் கிளாஸிக் வைப் வரிசையின் ஸ்ட்ராட்டோகாஸ்டர்களைப் போலப் பழைய கோலத்தில் 9.5 அங்குல ஆரம் உடையவை துரித வாசிப்புக்குப் போதுமானவை; 7.25 அங்குல ஆரத்தை அப்படியே காப்பாற்றிய பிரதிகளை, அழகுக்காகவும் பாட்டுக்குத் துணை வாசிக்கவும் வாங்கலாமேயன்றி, வேகத்துக்காக வாங்குவதற்கில்லை.