பை கொண்டு வந்தீர்களா, அம்மா?

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மளிகைக் கடை. மாலை ஆறு மணி. நல்ல கூட்டம். ஓர் அம்மாள் அரை கிலோ துவரம் பருப்பும், கால் கிலோ வெல்லமும், ஒரு தேங்காயும் வாங்கிவிட்டுத் தம் கைகளைப் பார்த்துக்கொள்கிறார். வெறுங்கை!

"ஒரு கவர் கொடுங்க, அண்ணாச்சி."

"கவர் கிடையாதும்மா. தடை போட்டிருக்காங்களே!"

"அப்போ இதையெல்லாம் எப்படி எடுத்துட்டுப் போறது? பக்கத்துக் கடையிலே கொடுக்கறாங்களே!"

இந்தக் கடைசி வாக்கியம் இருக்கிறதே, அதுதான் பிரம்மாஸ்திரம். அண்ணாச்சி இரண்டு பக்கமும் பார்க்கிறார். தராசுக்கு அடியிலிருந்து மெல்லிய பை ஒன்று வெளியே வருகிறது. சட்டம் தோற்றது, பருப்பு வீடு போய்ச் சேர்ந்தது.

அந்த அம்மாளை மட்டும் குறை கூறுவானேன்? என் கையும் உங்கள் கையும் இப்படி நீண்ட நாட்கள் உண்டு அல்லவா?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒரு தடவை உபயோகித்து எறியும் பதினான்கு வகைப் பிளாஸ்டிக் சாமான்களுக்குத் தடை வந்தது. கடைப் பை, உறிஞ்சு குழல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அதில் அடக்கம். அதே வருஷம் ஜூன் மாதத்திலிருந்து அபராதமும் சேர்ந்தது. பிடிபட்டால் தண்டம் கட்டுகிறவர் அண்ணாச்சி. கேட்டு வாங்கிய நாமோ நிம்மதியாக வீட்டில் சாம்பார் கொதிக்க வைத்துக் கொண்டிருப்போம்!

"ஒரு சின்னப் பையினால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று தோன்றலாம். வங்காள தேசத்தைக் கேளுங்கள். 1988-லும் 1998-லும் வந்த பெரு வெள்ளங்களில் சாக்கடைகளை அடைத்துக்கொண்டவற்றில் இந்த மெல்லிய பைகளும் உண்டு என்று கண்டு, 2002-ல் அவற்றை அடியோடு தடை செய்தார்கள். தேசம் முழுவதற்கும் இப்படித் தடை விதித்ததில் அவர்களே முதல்வர்கள். அதே வருஷம் அயர்லாந்து வேறு யுக்தி செய்தது. பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி! காசு கொடுக்க வேண்டும் என்றதும் பையின் உபயோகம் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது.

நம் சர்க்கார் 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. 2022-ல் கோயம்பேடு சந்தையில், பத்து ரூபாய் போட்டால் மஞ்சள் பை தரும் இயந்திரமும் வந்தது. ஒரு காலத்தில் கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வந்த பை அது. பிறகு, மஞ்சள் பையோடு வருகிறவனைப் பட்டிக்காட்டான் என்று பட்டணத்தார் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து எத்தனை பைகள் பரணில் ஏறினவோ!

இங்கே ஓர் எச்சரிக்கை. போகிற இடமெல்லாம் புதுத் துணிப் பை வாங்கிக் குவிப்பதிலும் புண்ணியம் இல்லை. பருத்தி விளையவும் நெய்யவும் தண்ணீரும் மின்சாரமும் செலவாகின்றன. பிரிட்டிஷ் சுற்றுச்சூழல் இலாகா 2011-ல் வெளியிட்ட கணக்கின்படி, பூமி சூடேறும் விஷயத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பைக்குச் சமமாக வேண்டுமானால் ஒரு பருத்திப் பையை 131 தடவை உபயோகிக்க வேண்டும். வாரம் ஒரு தடவை என்றால் இரண்டரை வருஷம்!

ஆகவே, பீரோவில் மடித்து வைத்திருக்கும் பழைய வேஷ்டியோ புடவையோதான் உத்தமம். இரண்டு தையல் போட்டால் பை தயார். பாட்டி காலத்து ஒயர் கூடை இருந்தால் இன்னும் விசேஷம். அதுவும் பிளாஸ்டிக்தானே என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் அது வருஷக்கணக்கில் உழைக்கும். கவரின் ஆயுளோ கடையிலிருந்து வீட்டு வாசல் வரைதான்.

சரி, மறதிக்கு என்ன மருந்து? சாவி மாட்டும் ஆணியிலேயே ஒரு பையையும் மாட்டுங்கள். கைப்பைக்குள் ஒன்று, ஸ்கூட்டர் பெட்டிக்குள் ஒன்று இருக்கட்டும். தோசை மாவு வாங்கத் தூக்குப் பாத்திரம் இருக்கவே இருக்கிறது.

நாளை மாலை அண்ணாச்சி, "பை கொண்டு வந்தீங்களாம்மா?" என்று கேட்பார். கேட்பதற்கு முன்பே பையை விரித்துப் பிடியுங்கள். தராசுக்கு அடியில் கை விடும் அவஸ்தை அவருக்கும் மிச்சமாகும்!